மூன்று மணி விசில்

எங்கள் டிப்போவில் வாசனை செத்துப்போய் எட்டு மாதம் ஆகிறது.

முன்பெல்லாம் கேட்டுக்கு நூறு அடி முன்னாலேயே டீசல் வந்து சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப்போகும். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் மை. ஒரு பஸ் கிளம்பினால் ஆபீஸ் ஜன்னல் கடகடவென்று ஆடும், அதில் படிந்த கரியும் சேர்ந்து ஆடும். இப்போது நாற்பது பஸ்ஸும் ஹைட்ரஜனில் ஓடுகின்றன. புகை இல்லை, சத்தம் இல்லை. பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டுகிறது.

"பச்சப் புள்ள பஸ்ஸு பாவம், அடக்கத் தெரியல" என்பார் ஹாரன் அண்ணன். அவர் டிரைவர். குரல் அப்படி என்பதால் அந்தப் பெயர்.

சத்தம் இல்லாத பஸ் எப்படி இருக்கும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். யார்டில் நடந்துகொண்டிருப்போம். தரையில் ஒரு நிழல் நம் நிழலைத் தின்னும். திரும்பினால் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பஸ் நிற்கும். எத்தனை நேரமாக நிற்கிறது என்று தெரியாது.

எனக்கு அதுவும் பிடித்திருந்தது. எனக்கு எல்லாமே பிடித்திருந்தது. பாதுகாப்புக் கண்காணிப்பு என் வேலை. மேசையில் ஒரு பலகை, அதில் முப்பத்திரண்டு பச்சை விளக்குகள். கூரையில் இருக்கும் கருவிகள் கேஸ் கசிந்தால் சொல்லும். அவற்றை நாங்கள் மூக்கு என்போம். சுவரில் இருப்பவை தீ எரிந்தால் சொல்லும், அவை கண்கள். வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்தி வைத்து இதையெல்லாம் விளக்கியதில் எனக்கு 'சென்சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. கேன்டீனில் நான் நுழைந்தால் "பேச்சைக் குறைங்கப்பா, சென்சார் வந்தாச்சு, அலாரம் அடிக்கும்" என்பார்கள்.

சித்தப்பாவைத் திரும்ப வேலைக்குக் கூட்டிவந்ததும் நான்தான்.

அவர் இருபத்தாறு வருடம் இதே டிப்போவில் டீசல் மெக்கானிக். இன்ஜினைத் திறக்காமலேயே மோந்து பார்த்து எந்தக் குழாயில் ஒழுகுகிறது என்று சொல்கிற ஆள். கடைசி இரண்டு வருடம் இருமியே பாதி ஆளாகி, மருத்துவ விடுப்பில் வீட்டோடு கிடந்தார். புது எரிபொருள் வந்ததும் நான் போய்ச் சித்தியின் காலைப் பிடிக்காத குறை.

"சித்தி, காத்து அவ்வளவு சுத்தம். ஆஸ்பத்திரியில கூட அப்படி இருக்காது. வீட்டுக்குள்ள படுத்துக்கிட்டு விட்டத்தைப் பாக்கறதுக்கு அங்க வந்து நாலு போல்ட்டை முடுக்கட்டுமே."

சித்தி உள்ளே எட்டி அவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "டீசல் அவர் நெஞ்சுல பாதியைத் தின்னுடுச்சு. மிச்சத்தை உன் கையில குடுக்கறேன். ஏதாச்சும் ஆச்சு, உன்னைத்தான் கேப்பேன்."

அன்றிலிருந்து தினமும் மூன்றரை மணிக்கு எனக்குப் போன் வரும். "நெஞ்சு எப்படி இருக்கு அவருக்கு?"

"சூப்பரா இருக்கு சித்தி. ஒரு இருமல் இல்ல."

பொய் இல்லை. நான் பார்த்தவரைக்கும் அவர் இருமவே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டர் வந்து எல்லோரையும் ஒரு குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளப்பார். அந்த எண்களை நான் கலர் பேனாவில் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தேன். ஒவ்வொருவர் கோடும் மேலே போய்க்கொண்டிருந்தது. சித்தப்பாவின் கோடு மட்டும் இல்லை. முதல் தடவை அவருக்குப் பல்வலி, இரண்டாம் தடவை சித்தி அவசரமாகக் கூப்பிட்டாளாம். அவர் பெயருக்கு நேரே நானே பென்சிலில் 'நன்றாக இருக்கிறார்' என்று எழுதிவைத்தேன்.

அப்புறம்தான் அந்த மூலை.

ஒர்க்ஷாப்பின் கடைசியில் பழைய இரும்பு லாக்கர்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி ஓர் ஆள் அகலத்துக்கு இடம். அங்கே கடைசி லாக்கர் விசிலுடையது. விசில் என்பது சித்தப்பாவின் கூட்டாளி, ஃபிட்டர், சித்தி கையால் நிறையச் சாப்பிட்ட ஆள். புகையிலேயே வாழ்ந்து நெஞ்சு அடைத்துப்போய், மூச்சு விட்டால் ஸ்ஸ்ஸ்... ஃபீ... என்று நீளமாகச் சத்தம் வரும். அதனால்தான் விசில். புது பஸ் வருவதற்கு நாலு மாதம் முன்னால் செத்துப்போனார். லாக்கரை யாரும் திறக்கவில்லை.

அந்த மூலையிலிருந்து தினமும் மூன்று மணிக்குச் சத்தம் வர ஆரம்பித்தது. ஸ்ஸ்ஸ்... ஃபீ...

முதலில் கேட்டவர் பெருக்குகிற அக்கா. "சென்சாரு, நான் குடிக்கிற ஆள் கிடையாது. என் ரெண்டு காதால கேட்டேன். அந்த மனுசன் மூச்சு."

"அக்கா, கம்ப்ரசர் சத்தமா இருக்கும்."

"கம்ப்ரசர் எதுக்குடி மூச்சு வாங்கும்? அது என்ன மாடிப்படியா ஏறுது?"

ஹாரன் அண்ணன் கேட்டுவிட்டு ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. அதுவே பெரிய செய்தியாகிவிட்டது. டீசல் காலத்தில் அந்தச் சத்தத்தை எந்தக் காதும் பிடித்திருக்காது. இப்போது டிப்போ அவ்வளவு நிசப்தம், ஊசி விழுந்தால் யாருடைய ஊசி என்று சொல்லலாம்.

நான் சிரித்தேன். நேரில் போயும் பார்த்தேன். லாக்கருக்குப் பின்னால் எட்டிப்பார்த்தவுடனே சத்தம் நின்றுவிட்டது. சித்தப்பா மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இங்க என்ன பண்றீங்க?"

தலையை ஆட்டிச் சிரித்தார். கையால் 'போ, போ' என்றார். சாயங்காலம் கேட்டபோதுதான் சொன்னார்: "அவன்கூடக் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வர்றேன் பாப்பா. தனியா இருப்பான்ல."

"சித்தப்பா, நீங்களுமா?"

"இந்த ரெண்டு நாளா பக்கத்துல வந்து நிக்கிறான். கன்னத்துல சூடா மூச்சு படுது."

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நான் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நல்ல வெயில், பகல், சுற்றிலும் ஆட்கள்.

அந்த வாரம் ஒவ்வொன்றாக நடந்தது. முதலில் சித்தப்பாவின் சட்டை. வேலைச் சட்டை போட்டதும் வீட்டுச் சட்டையைக் கழற்றி அங்கேதான் எங்கேயோ மாட்டுவார். அதன் தோளில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு தடம், யாரோ கைவைத்த மாதிரி. சித்தி இஸ்திரியில் கருக்கிவிட்டாள் என்று நான் கேலி செய்ய, சித்தி போனில் சீறினாள்: "அந்தச் சட்டையை இஸ்திரி போட்டே பத்து நாளாச்சு."

பிறகு சுவர். ஒன்றுமே இல்லாத இடத்தில் புது பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. பிறகு அந்த இலை. இதை நானே பார்த்தேன். ஜன்னல் வழியே ஒரு காய்ந்த இலை உள்ளே வந்தது. லாக்கர் உச்சிக்கு மேலே மிதந்து, அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியதும் ஓரம் கறுத்தது, சுருண்டது, இல்லாமல் போனது. தரையில் விழவே இல்லை. நான் கண்ணைக் கசக்கினேன். பலகையைப் பார்த்தேன். முப்பத்திரண்டும் பச்சை. பச்சை என்றால் பச்சை. தூக்கம் பத்தவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே என்னைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். இரண்டுமே எனக்குப் பெருமையாக இருந்தவை.

ஒன்று, துடைப்பம். இந்த எரிபொருள் வந்த புதிதில் ஒரு பயிற்சியாளர் வந்தார். ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை, எரிந்தால் பகலில் தீயும் தெரியாது, பக்கத்தில் போகும்வரை சூடும் தெரியாது என்றார். பிறகு ஒரு சாதாரணப் புல் துடைப்பத்தை எடுத்துக் காட்டினார். சந்தேகம் வந்தால் இதை முன்னால் நீட்டிக்கொண்டு நடங்கள், நுனி பற்றினால் அங்கே தீ இருக்கிறது. ஒர்க்ஷாப்பே விழுந்து விழுந்து சிரித்தது. "அப்ப எங்க வீட்டம்மாதான் பாதுகாப்பு அதிகாரி" என்றார் ஹாரன் அண்ணன். எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை கண்ணும் மூக்கும் வைத்த இடத்தில் துடைப்பமா? ஆணியிலிருந்து கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டேன், பெருக்கட்டும் என்று. ஆணியில் அழகாக ஒரு போஸ்டர் மாட்டினேன்.

இரண்டு, பிளாஸ்டிக் பை. டீசல் டிப்போவில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுசாக எது வந்தாலும் கரி படியாமல் பையைச் சுற்றிவிடுவார்கள். கடிகாரத்துக்குப் பை, ஃபோனுக்குப் பை, மேலாளர் நாற்காலிக்குப் பை. போன மாதம் சுவருக்குப் பெயின்ட் அடித்தபோது, தெறித்துவிடுமே என்று அந்த மூலைக் கண்ணுக்கு நானே ஏணி போட்டு ஏறி ஒரு பையைக் கட்டினேன். ரப்பர் பேண்ட் போட்டு, நேர்த்தியாக.

அன்று மூன்று மணி தாண்டிப் பத்து நிமிடம். மதிய ஷிஃப்ட் பஸ்கள் கேஸ் ஏற்ற வரிசையில் வந்து நின்றன. லாக்கருக்குப் பின்னால் ஓடுகிற குழாயில் அழுத்தம் ஏறுவது அப்போதுதான். அக்கா பெருக்கிக்கொண்டே என் மேசைக்கு வந்தாள்.

"அந்தப் பையைக் கழட்டிக் குடேன். கழுவித் தர்றேன். தூசி அப்பி அசிங்கமாக் கிடக்கு."

"எந்தப் பை?"

"நீதானே கட்டின? மூலையில, அந்தக் கண்ணுக்கு."

நான் பலகையைப் பார்த்தேன். முப்பத்திரண்டு பச்சை. ஒரு கண் ஒரு மாதமாகத் தூசியைப் பார்த்துக்கொண்டு பச்சை சொல்லியிருக்கிறது. ஆனால் கூரை மூக்கு? கசிந்தால் அது கத்தியிருக்குமே. கசிந்தது எரிந்துகொண்டே இருந்தால் கத்தாது. எரிகிற கேஸ் கூரைக்குப் போவதே இல்லை. இலை. சுவர். சட்டைத் தோளில் கை. கன்னத்தில் மூச்சு.

சிவப்புப் பொத்தானை அடித்தேன். அலாரம் அலறியது. தொட்டியின் வால்வு மூடிக்கொண்டது, ஆனால் குழாய்க்குள் ஏற்கெனவே அடைபட்டிருக்கும் கேஸ் தீர மூன்று நாலு நிமிடம் ஆகும். அதுவரை எரியும். எல்லோரும் முனகிக்கொண்டே யார்டுக்கு நடந்தார்கள். வாரத்துக்கு ஒரு ஒத்திகை வைத்தவள் நான், எவன் ஓடுவான்?

"சித்தப்பா எங்க?"

ஹாரன் அண்ணன் மூலையைக் காட்டினார். "எப்பவும் ஒத்திகைக்கு வரமாட்டார்ல. அங்கதான் இருப்பார்."

கத்தினேன். இருபத்தாறு வருட இன்ஜின் சத்தம் அவர் காதையும் விட்டுவைக்கவில்லை. அக்கா கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கினேன்.

"எங்கடி போற? பேயை விளாசப் போறியா?"

"நீங்க வெளிய போங்கக்கா!"

ஓடத்தான் கால் துடித்தது. ஓட முடியாது. எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் நாக்கை நீட்டியிருக்கிறது, எதுவும் தெரியாது. லாக்கர் வரிசை முடிகிற இடத்தில் நின்றேன். அலாரம் விட்டு விட்டு அலறிய இடைவெளியில் ஸ்ஸ்ஸ்... ஃபீ... உள்ளேயிருந்து கேட்டது. துடைப்பத்தை முன்னால் நீட்டி ஒரு அடி வைத்தேன். ஒன்றுமில்லை. இடது, வலது, மேலே, கீழே. இன்னொரு அடி. எதிரே சுத்தமான காற்று. வெயில் விழுந்த சுவர். தூசி கூட அசையவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு காலியான ஒரு இடத்தை நான் பார்த்து இவ்வளவு பயந்ததில்லை.

சித்தப்பா நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார், இரண்டு கையும் முட்டியில். என் காலைப் பார்த்ததும் திடுக்கிட்டு நிமிர்ந்தார். எழுந்து, சாப்பாட்டுப் பையை எடுக்கக் கையை மேலே தூக்கினார்.

அப்போதுதான் பார்த்தேன். சுண்டுவிரல் தடிமனில் ஓர் எஃகுக் குழாய் சுவரோடு போகிறது. அதில்தான் சட்டை, அதில்தான் சாப்பாட்டுப் பை. டீசல் காலத்தில் அங்கே ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. எல்லோரும் அதில்தான் மாட்டுவார்கள். எட்டு மாதமாக தினமும் அந்தக் கனம் இழுத்து இழுத்து, பைக்கு அரை முழம் தள்ளி இருக்கிற இணைப்பு சற்றே வாய் திறந்திருந்தது.

"கையைத் தூக்காதீங்க!"

"என்ன பாப்பா?"

துடைப்பத்தை அவர் கைக்கும் குழாய்க்கும் நடுவில் நீட்டினேன். நுனி வெறும் காற்றுக்குள் போனது. போனதும் மஞ்சளாகப் பூத்தது. எதுவும் தொடவில்லை. எந்தத் தீயும் தெரியவில்லை. புல் மட்டும் தன்பாட்டுக்கு எரிந்தது, அவர் விரலுக்கு ஒரு சாண் தள்ளி.

சித்தப்பா தன் கையைப் பார்த்தார். துடைப்பத்தைப் பார்த்தார். மெதுவாக, விரலை ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி, கையை இறக்கினார்.

"குனிஞ்சு வாங்க. தரையோட. என் பக்கம்."

வந்தார். நான் துடைப்பத்தைத் தரையில் தேய்த்து அணைத்தேன். இருவரும் லாக்கருக்கு இந்தப் பக்கம் வந்து, யார்டுக்குப் போகிற கதவருகே நின்றோம். நிமிடங்களை எண்ணினேன். மூன்று. நாலு. ஐந்து. மேசைக்கு ஓடிப் பார்த்தேன், பலகையில் குழாய் அழுத்தம் பூஜ்யம். தீ அணைந்ததும் தெரியவில்லை, அது இருந்ததே தெரியாததுபோல. திரும்பிப் போய்த் துடைப்பத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன். நுனி பற்றவில்லை. நாற்காலி இருந்த இடம், பை, சட்டை, விசிலின் லாக்கர். எங்கும் பற்றவில்லை. முடிந்தது.

அலாரத்தை நிறுத்திவிட்டு வந்தேன். டிப்போ முழுக்க அந்தப் பழைய நிசப்தம்.

ஸ்ஸ்ஸ்... ஃபீ...

குழாயில் கேஸ் இல்லை. மூலையில் ஆள் இல்லை. துடைப்பத்தை மறுபடி தூக்கினேன். சத்தம் வந்த பக்கம் நீட்டினேன். லாக்கர் பக்கம் நீட்டினால் சத்தம் முதுகுக்குப் பின்னால். திரும்பினேன். ஒரு அடி வைத்தேன். ஸ்ஸ்ஸ்... ஃபீ... இன்னொரு அடி. கருகிய நுனி போய்ச் சித்தப்பாவின் சட்டைப் பையில் முட்டி நின்றது.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"அதை எடு பாப்பா. சட்டை... அழுக்காகுது."

"எத்தனை நாளா?"

"வந்ததுலேருந்து."

"நீங்க இருமவே இல்லையே?"

"இருமத்தான்... அங்க போவேன். ராத்திரி... திண்ணையில படுத்துக்குவேன், உன் சித்தி காதுல விழாம." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அந்த விசில். "நீ எட்டிப் பாத்தா மூச்சை அடக்கிக்குவேன். எல்லாரும் அவன்னு நெனச்சாங்க. நானும்... சரின்னு விட்டுட்டேன்."

"ஊதுற டெஸ்ட்டுக்கு வரலையே, அதுக்காகவா?"

"உன் சுவத்துல எல்லாக் கோடும் மேல போகுது. என் ஒரு கோடு மட்டும்... எதுக்கு?" சிரிக்கப் பார்த்தார். "காத்து சுத்தம்தான்டி. நீ சொன்னது பொய் இல்ல. அது உள்ள போற பைதான் பழசு."

அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தேன். ஹாரன் அண்ணனிடம் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன். போனில் அவர் குரல் யார்டு முழுக்கக் கேட்டது. அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போது என் போன் அடித்தது. மூன்றரை.

சித்தப்பா என் கையைப் பிடித்தார். வேண்டாம் என்று தலையாட்டினார். எட்டு மாதமாக நான் சொன்னதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டால் போதும் என்று அந்தக் கண் கெஞ்சியது. எனக்கும் அது நாக்கு நுனியில்தான் இருந்தது. சூப்பரா இருக்கு சித்தி.

பொத்தானை அழுத்தினேன்.

"என்னடி, நெஞ்சு எப்படி இருக்கு அவருக்கு?"

போனை அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தேன். ஸ்ஸ்ஸ்... ஃபீ... ஸ்ஸ்ஸ்... ஃபீ... சித்தப்பா மூச்சை அடக்கப் பார்த்தார். இந்தத் தடவை முடியவில்லை.

பிறகு சித்தியின் குரல் வந்தது, யாரோ வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரித் தணிந்து:

"யாருடி அது பக்கத்துல? நம்ம விசில் அண்ணனா?"